பேகம்பூர் மாடியில் மூன்றாவது போர்டு

இஃப்பத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே பெஞ்சின் நுனியில்தான் இருப்பாள். ஓசூரில் ஒரு ஆலை, கோவையில் ஒரு மோட்டார் கம்பெனி. இரண்டு வேலையையும், விடிந்தால் அதே நாற்காலி அதே சுவர் என்று உதறிவிட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டாள். இப்போது ஸ்கூட்டரில் கருவிப் பையோடு வீடு வீடாகப் போய் டிரெட்மில் பழுதுபார்க்கிறாள்.

ஊரில் டிரெட்மில்கள் பெரும்பாலும் மாடிப் படுக்கையறையில், துணி காயப்போடும் கொடியாக நிற்கும். மெக்கானிக் ஆணாக இருந்தால், வீட்டு ஆண்கள் கடையிலிருந்து வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். இஃப்பத் வந்தால் பெண்களே நேராக மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அதனாலேயே டிரெட்மில் கம்பெனியின் மதுரை அலுவலகம் திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கத்து அழைப்புகளை எல்லாம் அவளிடம் விட்டிருந்தது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. பேகம்பூர் ஜெய்தூன் பீவி வீட்டு டிரெட்மில்லில் மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டு போர்டு இரண்டு முறை கருகிவிட்டது. இரண்டு முறையும் இஃப்பத் வந்தாள், கருகியதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள், சற்று ஓடவிட்டுப் பார்த்தாள், அடுத்த வீட்டுக்குப் பறந்தாள். இப்போது மூன்றாவது போர்டும் திணறுகிறது. மதுரை மேலாளர் அருளப்பன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா உங்க ஏரியாவுக்கு இங்கருந்தே ஆள் அனுப்பிக்கிறோம்மா. சும்மா மாத்திக்கிட்டே இருக்காதீங்க. காரணத்தக் கண்டுபிடிங்க."

"வா புள்ள," என்றார் ஜெய்தூன் பீவி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தெருவில் நாய்த் தொல்லை என்பதால் மாடியில் நடை. "நான் நடக்குறதவிட இது நிக்கிறதுதான் அதிகமா இருக்கு."

"இன்னைக்குப் பாத்துப்புடுறேன் மாமி."

மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓட்டினாள். சத்தமில்லை. மீட்டரில் மின்னோட்டம் சரியாக இருந்தது. பெல்ட்டை மாட்டி மாமியை நடக்கச் சொன்னாள். அப்போதும் மோட்டார் அதிகமாக இழுக்கவில்லை. வீட்டு மின்சாரமும் சீராகவே வந்தது. பிறகு ஏன் போர்டு சாக வேண்டும்? இன்னொன்றை மாட்டிவிட்டுக் கிளம்பு என்று கால் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் கூட்டுக்குள் பார்த்தாள். எங்கும் கறுப்புத் தூள். போன இரண்டு முறையும் இருந்ததுதான். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து உதிர்ந்தது என்று துடைத்துவிட்டுப் போயிருந்தாள். இந்த முறை பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். புதிது போல இருந்தது, தேயவே இல்லை. அப்படியானால் இத்தனை தூளும் எங்கிருந்து வந்தது? விரலில் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்று மினுங்கியது. நடக்கும் பெல்ட்டைத் தூக்கி அடியில் கைவிட்டாள். அங்கேயும் அதே மினுக்கம்.

"மாமி, இதுக்கடியில என்ன போடுறீக?"

"நான் எங்க போடுறேன்? அவுகதான் வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் போகுமுன்ன எதையோ தூவிட்டுப் போவாக."

டீ டம்ளரோடு படியேறி வந்த சௌகத் அலி, மனைவி சொன்னது காதில் விழுந்ததும் நிமிர்ந்து நின்றார். நாகல் நகரில் அவருக்குப் பூட்டுப் பட்டறை. "கிராஃபைட் பொடிம்மா. பென்சில் கரிதான். பூட்டுக்கு எண்ணெய் விட்டா தூசி ஒட்டி இறுகிப்போகும். இதப் போட்டுப் பாரு, சாவி வெண்ணெயா சுத்தும்."

"பெல்ட்டுக்குப் பூசச் சொல்லி நான் குடுத்த சிலிக்கான் பாட்டில் என்னாச்சு மாமு?"

"அதுவும் எண்ணெய்தான? பீரோவுல கெடக்கு. பூட்டுக்காரன் வீட்டுல போய் எண்ணெயா!"

இஃப்பத் பொடியைக் காகிதத்தில் குவித்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் குத்தினாள். மீட்டர் கீச்சென்று கத்தியது.

"பொடி வழியா கரன்ட் ஓடுது மாமு. பூட்டுக்குள்ள கரன்ட் இல்ல, இதுல இருக்கு. மோட்டார் விசிறி இந்தப் பொடிய இழுத்து போர்டு மேல கொட்டுது. சேரக்கூடாத எடமெல்லாம் சேந்து கருகிருது."

சௌகத் அலி டம்ளரை வைத்துவிட்டு முனைகளை வாங்கித் தானே குத்திப் பார்த்தார். கத்தியது. எடுத்தார், மறுபடி குத்தினார்.

"அப்ப, ரெண்டு போர்டையும் கொன்னது நானா?"

"மூணாவதா என்னையும் சேத்துக் கொல்லப் பாத்தீக," என்றார் ஜெய்தூன் பீவி. "பூட்டுக்கு வைத்தியம் பாக்குற மனுசன் மிசினுக்கு வெசம் வச்சிருக்கீகளே!"

அவர் முனைகளை இன்னொரு முறை பொடியில் குத்திப் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது.

இஃப்பத் பையிலிருந்த சிறு வேக்குவம் கிளீனரால் பொடியை உறிஞ்சி எடுத்தாள். போர்டைத் துப்புரவுத் திரவத்தில் தோய்த்த தூரிகையால் கழுவி உலர்த்தினாள். பெல்ட்டின் அடியைத் துடைத்து, பீரோவிலிருந்து வந்த சிலிக்கானைப் பூசினாள். டிரெட்மில் ஓடியது. ஆனால் சற்று நேரம் ஓடுவதை நம்பித்தான் இரண்டு முறை ஏமாந்திருந்தாள். ஆள் எடையோடு, சூடேற ஏற ஓடியாக வேண்டும். ஜெய்தூன் பீவி கொஞ்சம் நடந்துவிட்டு வியர்த்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நிலக்கோட்டைப் பூ வியாபாரி வீட்டிலிருந்து போன் வந்தது: எப்போ வர்றே? "வாரேன்க்கா, செத்த நேரம்," என்று சொல்லிவிட்டு இஃப்பத் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள்.

"ஏ புள்ள, உன்னப் பாத்தே எனக்குத் தல சுத்துது," என்றார் ஜெய்தூன் பீவி. "நடக்குறதுதான் நடக்குற, அதுல ஏறி நடந்து தொலையேன்!"

இஃப்பத் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். நடை ஓட்டமானது. சௌகத் அலி முக்காலியில் உட்கார்ந்து, மின்னோட்டம் ஏறுகிறதா என்று மீட்டரை உரக்க வாசித்தார்: "நாலு... நாலர... நாலேதான்." நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எதுவும் நிற்கவில்லை.

அருளப்பன் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா மூச்சு வாங்குது? எங்க போய்க்கிட்டிருக்கீங்க?"

"எங்கயும் போகல சார். பேகம்பூர் மிசின்லதான் ஓடுறேன். காரணம் கெடச்சிருச்சு."

"போன இங்கிட்டுக் குடும்மா," என்று சௌகத் அலி கை நீட்டினார். "கொன்னவன் நானு. நானே சொல்றேன்."

கேட்டு முடித்த அருளப்பன் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. "சரி பாய், இனி பொடியத் தொடாதீங்க. எதுன்னாலும் அந்தப் பிள்ளையவே கூப்பிடுங்க."

இஃப்பத் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினாள்.