பூம்பொழில் வெளியே போன வழி

பெரிய தறிக்கொட்டகையில் வேலை பார்த்த அவளைத் தறிக்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. அண்ணன் தம்பி இல்லாத குறைக்கு அதுதான் துணை. சும்மா சிரித்தவரைக்கூட, எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சலூன்காரர். கத்திரி நின்றாலும் அவர் வாய் நிற்காது.

வயிற்றில் பிள்ளை வந்தபோதே, பெண் என்றால் பூம்பொழில் என்று முடிவு செய்துவிட்டாள். ஊரில் ஒருத்திக்கும் இல்லாத பேர். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"சலூன்ல மூச்சு விட்டீங்க, அப்புறம் இருக்கு."

"நான் ஏன்டி சொல்றேன்? எனக்கே அது வாயில நுழையல."

அவளுக்கும் நுழையவில்லை. 'பொழி' வரைக்கும் ஒழுங்காக வரும் நாக்கு, கடைசி 'ல்'லில் சறுக்கும். பெற்றவளே பிள்ளை பேரைக் கடித்துத் துப்பினால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? தறியடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். அந்த இரைச்சலில் வாய்விட்டுக் கத்தினாலும் அவள் குரல் அவளுக்கே கேட்காது. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

பெண்ணே பிறந்தாள். தடுப்பூசி போடப் போன அன்றுதான் பேரை முதன்முதலாக வெளியே சொன்னாள். சற்று நேரத்தில் நர்ஸ் அழைத்தார்.

"பூம்பொளில்!"

தறிக்காரி எழுந்தாள். அந்தப் பக்கம் ஒருத்தி எழுந்தாள். கதவோரம் இன்னொருத்தியும் எழுந்தாள். மூவர் கையிலும் பெண் குழந்தை.

"இந்தப் பேருக்கு இப்ப இவ்வளவு கிராக்கியா? என் நாக்குதான் சுளுக்குது. யாராவது ஒருத்தர் வாங்கம்மா!" என்றார் நர்ஸ்.

மற்ற இருவரின் புருஷன்மாரும் யாரென்று அங்கேயே துருவிவிட்டாள். இரண்டு பேரும் அவள் புருஷனின் சலூனில் முடி வெட்டிக்கொள்கிறவர்கள். வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், நான் சொல்லலடி."

"ஊரார் தலையெல்லாம் உங்க கையில. உங்க தலை யாருக்கு வேணும்?"

அன்றிலிருந்து சலூன் பெஞ்சுதான் அவருக்குப் படுக்கை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை. தன் அக்காவுக்கு வேலை போய்விட்டது என்று ஒரு பொய்யை ரகசியமாக அவர் காதில் போட்டுவிட்டு, சலூன் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டாள். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார், மாமனாரின் குறட்டையைப் பற்றிப் பேசினார். அதை மட்டும் பேசவில்லை. 'ஆள் உஷாராகிட்டார்' என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். பேரைக் காப்பாற்றாதவர் நாளைக்கு எதைக் காப்பாற்றப்போகிறார்?

அதற்குள் வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கியதும் பழையபடி உதட்டுப் பேச்சு. அந்தக் கொட்டகையில் குரலுக்கு வேலையில்லை. வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். எதிர்த்தறி அக்கா உதட்டை அசைத்தாள்.

'பூம்பொழில் நல்லா இருக்காளா?'

தறிக்காரிக்குச் சுருக்கென்றது. 'யார் சொன்னா உங்களுக்கு?'

'நல்லா கேட்டே போ! மாசக்கணக்கா என் மூஞ்சியப் பார்த்து நீதானே சொல்லிக்கிட்டே இருந்தே? பூவுக்கு ஒரு தடவை, பொழிலுக்கு ஒரு தடவை உதட்டைக் குவிச்சுக் குவிச்சு. எங்களுக்கெல்லாம் மனப்பாடமே ஆயிடுச்சு. பேரு அழகா இருக்கேன்னு என் தம்பி பொண்டாட்டிக்கு நான்தான் சொன்னேன். பக்கத்துத் தறிக்காரி அவ மருமகளுக்குச் சொன்னா.'

வரிசை முழுக்கச் சத்தமில்லாத சிரிப்பு. தறிக்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அடுத்தவள் உதட்டைப் படித்தவளுக்குத் தன் உதடு நினைவில் இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் நேராகச் சலூனுக்குப் போனாள். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் எப்படி வாய்விட்டுச் சொல்வது? வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். 'தப்பு என் மேலதான், வீட்டுக்கு வாங்க.'

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி அது முணுமுணுப்பு? திட்டறதுன்னா வாய்விட்டுத் திட்டு."

"திட்டலீங்க."

"அப்ப என்ன சொன்னே?"

நுரைக்காரர் கழுத்தை நீட்டிக் காதைத் தீட்டினார்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள்.

வழி நெடுக அவர் அவளுடைய உதட்டையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நடந்தார்.