காவேரி வந்துடுச்சு

அரசியல் வன்முறை, மாநில உரிமை, சுற்றுச்சூழல் என்று என் ஆராய்ச்சிக்கு மூன்று தலைப்புகள். அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான். "தண்ணிச் சண்டையப் பத்திப் படிக்கிறா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். தப்பில்லை.

தொம்மலூரில் எங்களுக்கு மாடி வீடு. கீழே வீட்டு ஓனரம்மா, கன்னடக்காரர், தனியாக இருக்கிறார். பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்குப் பேரே காவேரிதான். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் தனக்குத் தோன்றிய நேரத்தில் வரும். குழாயில் காற்று இரைவது முதலில் அம்மாவின் காதில்தான் விழும். உடனே பால்கனிக்கு ஓடி, "ஓனரம்மா, காவேரி வந்துடுச்சு!" என்று கத்துவாள். அவர் போய் வால்வைத் திறப்பார். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் வராது. வேலை மட்டும் நடந்துவிடும்.

போன முறை நதிநீர்த் தகராறு முற்றி பந்த் என்றார்கள். காலையிலேயே ஓனரம்மா என் தமிழ்நாட்டு நம்பர் ஸ்கூட்டரை வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். "இவத்து எல்லூ ஹோக்பேடம்மா" என்றார். இன்றைக்கு எங்கேயும் போகாதே என்று அர்த்தம். நானும் உள்ளே உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் தெருவில், தமிழ்நாட்டுக்குக் காவேரியை விடாதே என்று கோஷம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு கும்பல், கையில் கொடி, சிலர் கையில் கட்டை. அந்த நேரம் பார்த்துக் குழாய் இரைந்தது.

பந்த் என்றால் கடை திறக்காது, அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோஷத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று வழக்கத்தைவிட உரக்கவே கத்தினாள். "ஓனரம்மா, காவேரி வந்துடுச்சு!"

கோஷம் நின்றது. எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. அம்மாவை உள்ளே இழுக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. முன்னால் நின்றவன், "தமிழ்ரா இவ்ரு?" என்று கேட்டான்.

ஓனரம்மா கேட்டைத் திறந்துகொண்டு அவன் எதிரில் போய் நின்றார். "நம்ம அக்கா. காவேரி பந்திதெ அந்த்ரு, அஷ்டே. நிம்ம மனேலி பந்த்தா?"

எங்கள் அக்கா, தண்ணீர் வந்ததைச் சொன்னார், உங்கள் வீட்டில் வந்ததா என்று அவனையே திருப்பிக் கேட்கிறார். அவனுக்குப் பின்னாலிருந்த ஒருவன் போனை எடுத்து யாரையோ மோட்டார் போடச் சொன்னான். இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோஷம் மறுபடி கிளம்பி, மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

கீழே ஓடினேன். ஓனரம்மா வால்வுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரால் அதைத் திருக முடியவில்லை, கை அப்படி உதறியது. "நங்கெ தும்ப பய ஆய்த்து கணம்மா" என்றார். ரொம்பப் பயந்துவிட்டேன் என்கிறார்; கன்னடத்தில் தும்ப என்றால் ரொம்ப. பின்னால் வந்த அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? "துன்பமெல்லாம் ஒண்ணுமில்ல, நகருங்க" என்று தானே வால்வைத் திறந்தாள்.

கலவரம் நடந்த தெருக்களைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக எழுதிவருகிறேன். எங்கள் தெருவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவிடாதவரின் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.