எங்கள் அக்கா விட மறுத்த நேர்த்தி

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, எங்களோடு இருந்து சோறுண்டு, இந்த நினைவு மலரையும் கையில் எடுத்துச் செல்லும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படியான மலர்களில் "இறைவன் அழைத்துக்கொண்டான்" என்று எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. யார் அழைத்தார், யார் போனார் என்பதில்தான் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி, அவருடைய தம்பியாக எழுதுகிறேன்.

அக்கா வடமராட்சியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா வேளைக்கே கண்மூடிவிட்டதால் சின்னண்ணையையும் என்னையும் தங்கையையும் ஆளாக்கியவர் அவர்தான். கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டார். அத்தானை ஷெல்வீச்சு கொண்டுபோனது. ஒரே மகன் மிஞ்சினான். போரின் கடைசி நாட்களில், மீசை அரும்பும் வயதில், அவனையும் ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். அக்கா அவனுடைய சேர்ட்டைப் பிடித்திருந்தார், பிறகு கையை எடுத்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் தேடாத முகாம் இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடைசியில் முருகனிடம் போனார். பிள்ளை வரும்வரை ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்திருப்பேன் என்று நேர்த்தி வைத்தார். கனடாவுக்கு அவரை நாங்கள் எடுத்தபோது அந்த நேர்த்தியும் கூடவே வந்தது.

மல்வேர்னில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, வயதானவர்களைப் பராமரிக்கும் படிப்பைப் படித்து, பாதர்ஸ்ட் வீதியில் ஒரு யூதப் பெரியவரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பெரியவர் தன் சமயத்தில் மிகவும் இறுக்கமானவர். இறைச்சிக்கு ஒரு தட்டு, பாலுக்கு வேறு தட்டு. மற்றப் பெண்கள் இதற்கே வெறுத்துப்போய் வேலையை விட்டார்களாம். அக்காவுக்கு அது ஒரு புதினமே இல்லை. "எங்கடை வீட்டிலையும் மச்சச் சட்டி வேறை, மரக்கறிச் சட்டி வேறைதானே," என்று சொல்லிச் சிரிப்பார். தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இருவரும் பகல் முழுவதும் கடவுளைப் பற்றி வாதாடுவார்கள். வீட்டுக்கு வந்து அதை எங்கள் தமிழில் எங்களுக்குச் சொல்லுவார்.

"அவனன்றி ஓரணுவும் அசையாது எண்டு நான் சொன்னன். ஐயா ஒத்துக்கொள்ளேல்லை. பிறப்பு, இறப்பு, பணம், வருத்தம் எல்லாம் கடவுளின்ரை கையிலைதானாம். ஆனா அவருக்குப் பணியிறதோ இல்லையோ எண்டது மட்டும் எங்கடை கையிலையாம். இல்லாட்டி ஏன் கட்டளை போடுவார், கல்லுக்கு ஆரும் கட்டளை போடுவினமோ எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"கல்லைத்தானே நாங்கள் கும்பிடுறம், அதுவும் கேக்குது எண்டன்."

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் பெரியவருக்கு இருதயம் மோசமாகிவிட்டது. அந்த நேரம் யோம் கிப்பூர் வந்தது. அவர்களுடைய ஆண்டிலேயே பெரிய விரத நாள். அன்று தண்ணீரும் கூடாது. ஆனால் சாப்பிடாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொன்னால் சாப்பிடத்தான் வேண்டும், மறுப்பது பாவம் என்பது அவர்களுடைய சட்டம். அவருடைய குருவும் அதையே சொல்லிவிட்டார். அன்று அக்காதான் வேலையில் நின்றார். ஒரு வாய் மசித்த உருளைக்கிழங்கு, பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் என்று தீத்தினார். பெரியவர் அழுதுகொண்டே விழுங்கினாராம்.

"சின்ன வயசிலையிருந்து பட்டினி கிடந்தது கஷ்டமில்லை, இண்டைக்குச் சாப்பிடுறதுதான் கஷ்டம் எண்டார். இது தன்ரை விருப்பமில்லை, கட்டளை எண்டார். விருப்பமில்லாட்டி என்னண்டு வாயைத் திறந்தனீங்கள் எண்டு கேட்டன். 'வாயைத் திறக்கிறதை மட்டும் என்ரை கையிலை விட்டிருக்கிறார்' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார்."

அடுத்த சில கிழமைகளில் கந்தசஷ்டி. அக்காவுக்கோ சீனி வருத்தம் முற்றிச் சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூட விரதம் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் கெஞ்சினோம். கோயில் ஐயரும் பாலும் பழமும் எடுத்தால் குற்றமில்லை என்றார். அக்கா எல்லோருக்கும் தலையாட்டினார். யாருடைய சொல்லையும் கேட்கவில்லை.

பெரியவருக்கும் இது தெரியவந்தது. தங்கள் சமயத்தில் இதற்கு ஒரு வழி உண்டு என்று அவர் சொன்னாராம். நேர்த்தி தாங்க முடியாமல் போனால் மூன்று பேருக்கு முன் போய்ச் சொல்லலாம். இப்படி வரும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த நேர்த்தியை வைத்திருப்பாயா என்று மூவரும் கேட்பார்கள். மனதார "இல்லை" என்றால் அவிழ்த்துவிடுவார்கள். இது எங்களுக்குள்ள வழி, உன் கடவுளுக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம்.

அக்கா இதை ஒரு புதினமாகத்தான் சொன்னார். நாங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். மூன்று பேர் வேண்டும். நாங்களும் மூன்று பேர். ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டில் கூடினோம். பிக்கரிங்கிலிருந்து வந்த சின்னண்ணை கோயில் வாசலையே மிதியாதவர். அன்று திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

"என்னடா, கோடு வைச்சு வழக்கு விசாரிக்கிறியளோ?" என்று அக்கா சிரித்தார்.

சின்னண்ணை சிரிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு இப்பிடி வருத்தம் வரும் எண்டு அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த நேர்த்தியை வைச்சிருப்பியளோ?"

எங்களுக்கு ஒரு சொல் போதும். இம்முறை அக்கா தலையாட்டவில்லை. தங்கை அழத் தொடங்கிவிட்டாள். "இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. ஒரு சொல்லுத்தானே."

"பொய் சொல்லேலாது பிள்ளை. தெரிஞ்சிருந்தாலும் வைச்சிருப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. "முருகன் உங்களிட்டைக் கேட்டவரோ?"

"கேக்கேல்லை. நானாத்தான் குடுத்தனான். அதாலைதான் திருப்பி வாங்கேலாது." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "ஐயாவுக்குச் சாப்பிடு எண்டு சொல்ல அவரின்ரை கடவுள் இருக்கிறார். எனக்கு ஆர் இருக்கினம், தம்பி? நான் சாப்பிட்டா, அவன் இனி வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி."

பெற்றவளிடம் வேறு என்ன கேட்பது?

விரதத்தின் நான்காம் நாள் காலை அக்கா குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் சேலைன் ஏற்றியபோது கண்ணைத் திறந்து, "உது சாப்பாடோ?" என்று கேட்டார். "தண்ணிதான் அக்கா," என்றாள் தங்கை. தண்ணீர் என்றால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசவில்லை. ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து சில நாட்களில் போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்குப் பெரியவர் வந்திருந்ததைப் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். அவர் குருக்கள் பரம்பரையில் பிறந்தவர். உயிரற்ற உடல் இருக்கும் கூரையின் கீழ் அவர்கள் நிற்கக் கூடாதாம். அந்தக் குளிரில் தன் நடைவண்டியைப் பிடித்தபடி கார் நிறுத்தும் இடத்தில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். வர எவ்வளவு ஆசைப்படுகிறேன் தெரியுமா என்றார். வரவில்லை. அக்காவின் நேர்த்தியை இனி நாங்கள் சுமக்க வேண்டுமா என்று கேட்டேன். வைத்தவர் போனால் அதுவும் போய்விட்டது, உங்கள் மேல் ஒன்றும் இல்லை, நீங்கள் சுதந்திரமானவர்கள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அக்காவை இரவுபகலாகப் பார்த்த தாதியருக்கும், அவரோடு வேலை செய்த தோழிகளுக்கும், வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த மல்வேர்ன் அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும், குளிரில் நின்ற அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

சென்ற கிழமை கந்தசஷ்டி வந்தது. நாங்கள் மூவரும் எங்கள் வீடுகளில் நேரத்துக்குச் சாப்பிட்டோம். அக்காவின் பிள்ளைக்காகப் பசித்திருக்க இப்போது இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.