ஒரு பாலாடை சொட்டு மருந்து

அனகாபுத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனில் ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் அடையாறு கரை தாண்டிச் சந்துக்குள் புகுந்த அன்று, கீழே இருந்த வீட்டுக்கார அக்கா தன் குடும்பத்தையும் கேஸ் சிலிண்டரையும் டிவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டார். வீடு அவருடையது, வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? காலை நீட்ட இடமில்லாமல் சுவரோரம் நின்றேன். இடுப்பில் காய்ச்சலோடு என் எட்டு மாதக் குழந்தை.

முந்தின நாள்தான் பல்லாவரத்தில் டாக்டரிடம் காட்டியிருந்தோம். பாராசிட்டமால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சின்னப் பாட்டில், கூடவே மருந்தை உறிஞ்சி அளந்து ஊற்ற ஒரு கண்ணாடி ஃபில்லர். அதில் இந்தக் கோடு வரைக்கும்தான், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுவில் உடம்பு சுட்டால் துணி நனைத்துத் துடையுங்கள் என்றார். எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. அளவு கூடிப் போனால் என்ன ஆகும் என்றேன்.

“ஈரலைப் பாதிக்கும்மா. அதுவும் உடனே தெரியாது. ரெண்டு நாள் குழந்தை சிரிச்சு விளையாடும். அப்புறம்தான் தெரியும்” என்றார்.

டிவியை மூலைக்கு நகர்த்தும்போது ஃபில்லர் மிதிபட்டு நொறுங்கியது. மிதித்தது என் கணவர். இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“இதுக்கு இன்னாத்துக்கும்மா முழிக்கிற? பாலாடை கீதில்ல, அதுல ஊத்திக் குடு. நான் எத்தினி புள்ளைங்கள வளத்தேன்” என்றார் அக்கா.

எங்கள் பக்கத்து வீடுகளில் குழந்தையின் வாய்க்குள் போவதெல்லாம் பாலாடை வழியாகத்தான் போகும். பால், வசம்பு உரைத்த தண்ணீர், விளக்கெண்ணெய், எல்லாவற்றுக்கும் அந்த மூக்கு வைத்த வெள்ளிக் கிண்ணம்தான் அளவு. மருந்துக்கு மட்டும் வேறு அளவு உண்டு என்றால் யாருக்கும் மண்டையில் ஏறாது.

“சொட்டு மருந்துன்னா சிரப்பை விட பவர் கம்மியாத்தானே இருக்கும்?” என்றார் என் கணவர். பட்டம் வாங்கியவர்.

அக்காவின் பையனுக்கு வாங்கிய காய்ச்சல் சிரப்பும் மூட்டை முடிச்சுகளோடு மேலே வந்திருந்தது. இரண்டு பாட்டில்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டும் ஒரே மருந்து. சிரப்பில் ஒரு ஸ்பூன் முழுக்க இருக்கிற மருந்து, இந்தச் சொட்டு மருந்தில் ஏறக்குறைய ஒரு மில்லியிலேயே இருந்தது. கைக்குழந்தைக்குக் கொஞ்சம் ஊற்றினாலே போதும் என்று வீரியத்தைக் கூட்டிச் செய்திருக்கிறார்கள். அதைச் சத்தமாகவே சொன்னேன். கணக்கு டீச்சர் வந்துட்டாங்க என்று யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட்டுவிட்டு எங்கே போவது? படிக்கட்டில் ஆறேழு படி வரைக்கும் தண்ணீர்.

அளக்க வழியில்லாமல் கொடுக்க வேண்டாம் என்று பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, உடம்பைத் துடைக்கத் தண்ணீர் எடுக்க மொட்டை மாடி டிரம்முக்குப் போனேன். திரும்பி வந்தபோது குழந்தை அக்காவின் மடியில் இருந்தது. வாயில் பாலாடையின் மூக்கு.

நான் அவர் கையில் ஓங்கி அடித்தேன். பாலாடை பறந்துபோய்ச் சுவரில் மோதியது. பாட்டில் காலி. பாயும் ஈரம், குழந்தையின் வாயோரமும் ஈரம். எவ்வளவு சிந்தியது, எவ்வளவு உள்ளே போனது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

“எவ்ளோ குடுத்தீங்க?” என்று கத்தினேன்.

“என் வூட்ல இருந்துகினே என் மேல கை நீட்டுற இல்ல?” என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மன்னிப்புக் கேள் என்று கண்ணாலேயே சொன்னார் கணவர்.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு வியர்த்தது, காய்ச்சல் இறங்கியது. பார்த்தாயா என்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் காலையில் நான் கொடுத்ததன் வேகம் எப்போதோ தீர்ந்திருந்தது. இப்போது இறங்குகிறது என்றால் மருந்து உள்ளே போயிருக்கிறது. குழந்தை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ஒரு குழந்தையின் சிரிப்பைப் பார்த்து அப்படிப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தேன். “அக்கா, அடிச்சது தப்பு. என்னைத் திருப்பி அடிங்க. எவ்ளோ போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. தெரியலேன்னா டாக்டரால ஒண்ணும் செய்ய முடியாது.” அழுகை வந்துவிட்டது.

அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். “பாதி பாலாடை போச்சு. அதுல கொஞ்சம் துப்பிச்சு” என்றார். பிறகு எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினார். “குடு புள்ளைய, ஆஸ்பத்திரிக்குப் போலாம். சாக்கடை எங்க கீது, பள்ளம் எங்க கீதுன்னு உனக்குத் தெரியாது.”

குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் அவர் முன்னால் நடக்க, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் கணவரும் பின்னால் போனோம். மெயின் ரோட்டில் ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: “நான்தான் சார் குடுத்தேன். பாதி பாலாடை.” காலி பாட்டிலை நான் நீட்டினேன்.

டாக்டர் குழந்தையை எடை போட்டார், கணக்குப் போட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். “தாங்கக்கூடிய அளவுதான்னு நினைக்கிறேன். இருந்தாலும் இங்கேயே இருக்கட்டும். முழுசா போயிருந்தா பேச்சே வேற” என்றார். எனக்கு உயிர் வந்தது.

“இது கூடிப் போனா மஞ்சக் காமால வருமா சார்?” என்று கேட்டார் அக்கா.

“ஈரல் கெட்டா வரும்மா.”

அவர் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“என் மூத்தது காமாலைல தாம்மா போச்சு. கைக்கொழந்த. காய்ச்சல் உட்டுச்சு, நல்லா வெளயாடிகினு இருந்துச்சு. அப்பால கண்ணு மஞ்சளாச்சு. அதுக்கும் இதே மாதிரி சின்ன பாட்டில்தான் குடுத்தாங்க. நான்தான் பாலாடையில ஊத்தினேன்.”

“காமாலைக்கு வேற காரணமும் இருக்கும் அக்கா” என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அவர் குழந்தைக்கு எது காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இருக்கும்ல?” என்றார்.

நர்ஸ் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார். கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். குழந்தையைக் கொஞ்சம் பிடிங்க அக்கா என்று நீட்டினேன். அத்தனை தண்ணீரிலும் அதைத் தலைக்கு மேல் தூக்கி வந்தவர், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“வாணாம்மா. நீயே வெச்சிக்கோ.”