பாவாவின் முப்பத்தேழாவது மொட்டை

இன்று காலை திருத்தணி மலையில் எங்கள் பாவாவுக்கு முப்பத்தேழாவது மொட்டை!

(பாவா என் அக்கா வீட்டுக்காரர். வருஷத்துக்கு ஒரு மொட்டை. சீப்புச் செலவே கிடையாது!)

முதல் மொட்டையின் கதை எண்பதுகளில் நடந்தது.

அப்போது பாவா பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் நெறி கட்டியது. சுண்ணாம்பு தடவினோம்.

"வலியே இல்ல, வுடுங்க" என்றார்.

ஒரே மாதத்தில் அது எலுமிச்சம்பழம் ஆனது!

சென்னை ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா. நெறியில் வரும் புற்றுநோய். (அஞ்சாவது ஃபெயிலான எனக்கே பெயர் மனப்பாடம்!)

அக்கா அங்கேயே முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆள் பிழைத்தால் மலையில் மொட்டை.

பக்கத்து பெஞ்சில் கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவர். அவருக்கும் அதே வியாதி! ஆனால் அவருக்கு மருந்தே தேவையில்லையாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதுமாம். பாவாவுக்கோ வரிசையாக ஊசி மருந்து ஏற்றவேண்டும் என்றிருந்தார்கள்.

பாவா உடனே செருப்பை மாட்டிவிட்டார்!

"அவருக்கு ஊசி இல்ல, எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு? நான் ஊருக்குப் போறேன்!"

டாக்டரம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பேர் ஒண்ணுதாங்க, அதுல பல வகை இருக்கு. அவருது மெதுவா வளர்றது. வருஷக்கணக்குல சும்மா கிடக்கும், ஆனா அடியோட போக்கறது கஷ்டம். உங்களுது வேகமா வளர்றது. விட்டா சில மாசத்துல ஆளை முடிச்சிடும். ஆனா வேகமா பெருகறதைத்தான் மருந்து நல்லாப் புடிக்கும். முழுசா குணமாகக்கூட வாய்ப்பு இருக்கு."

பாவா முழித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாவா, அவருது கைத்தறி, உன்னுது பவர்லூம்! தடதடன்னு ஓடிகினு கீது. சுவிட்சை நிறுத்த வாணாமா?"

டாக்டரம்மா சிரித்தார். பாவா செருப்பைக் கழற்றினார்!

இரண்டாவது ஊசிக்குத் தலையணை முழுக்க முடி. மனுஷன் அதற்குத்தான் அழுதார்.

"முருகனுக்குன்னு வெச்சிருந்ததாச்சே! இப்ப இன்னாத்த குடுக்கறது?"

"அவரே முன்னாடி வந்து எடுத்துகினாரு பாவா!" என்றேன். அக்கா என்னை அடிக்க வந்தாள்.

ஊசியெல்லாம் முடிந்தது. கட்டி போயேபோனது! முடி முளைக்கக் காத்திருந்து, படியேறிப் போய்க் கொடுத்தார். அப்படியே பழகிவிட்டது.

இன்று மழித்தவர் கேட்டார்: "இன்னும் எத்தினி வருசம் பெரியவரே?"

"மொளைக்கிற வரைக்கும்பா!"

உங்கள் வீட்டில் யாருக்காவது வலிக்காத நெறி ரொம்ப நாளாக இருக்கிறதா? சுண்ணாம்பை வெற்றிலைக்கு விட்டுவிட்டு, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்!