எதிர்ச்சுற்று

வெங்கிடேஷ் உடற்பயிற்சியை வெறுத்ததில்லை. மரியாதையோடு தூரத்தில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பிலிருந்து தப்பிக்க வாங்கிய மருத்துவச் சான்றிதழைக் காலேஜ் வரைக்கும் ஓட்டினார். தலைமைச் செயலகத்தில் பதவி உயர்வு மேல்மாடியில் வந்தபோது, லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். வீடு கோட்டைக்குள், பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அக்கிரகாரத்துக்காரர்கள் விடியற்காலையில் கோயிலைச் சுற்றி நாலு தெருவும் பிரதட்சிணம் வருவார்கள். வெங்கிடேஷ் மாடி ஜன்னலில் நின்று, காப்பி குடித்தபடி கோபுரத்தைக் கும்பிட்டுக்கொள்வார். பகவானே படுத்துக்கொண்டுதானே இருக்கிறார் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் இப்போது தினமும் நடக்கிறார். மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு நடக்கிறார். காரணம், மகள் ஜானவி.

ஜானவிக்குப் பதினான்கு வயது. டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பெயர் சொன்ன பிறகு, தெரியாததுபோல் நடிப்பது நின்றது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். செண்டை மேளத்துக்கு முன்வரிசையில் போய் நிற்பாள். இதில் என்ன நியாயம் என்று கேட்டவர்கள் யாருக்கும் அவள் பதில் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பில்தான் சிக்கல் முற்றியது. மத்தியானம் ஆவதற்குள் அவளால் தாங்க முடியாமல் போகும். மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். யாராவது தொட்டால் வீறிடுவாள். பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள், மிகவும் இனிமையாக. வருஷப் பரீட்சை வரை முழுநாளும் வகுப்பில் இருந்தாளானால் பத்தாம் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவளுக்கு ஏற்ற வேறு இடம் பார்ப்பதுதான் குழந்தைக்கு நல்லது என்றார்கள். ஆனால் அந்த வேறு இடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

தெரபி கொடுக்கும் ரெஷ்மா, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாலும், பேச்சைச் சுற்றி வளைக்கிறவள் அல்ல.

"ரூமுக்குள்ள பந்து உருட்டினது போதும் சாரே. காலம்பற வெளியில கொண்டுபோயி நடத்தணும். நல்லா வேர்க்கணும். ஒடம்பு ஒரு தரம் அலைஞ்சு வந்தாத்தான் ஜானவிக்கு அந்த ஒடம்பை வச்சுண்டு க்ளாஸில இருக்க முடியும்."

"யாரு நடத்தறது?"

"சாரு தன்னே. வேற யாரு?"

வெங்கிடேஷுக்குப் பழைய சான்றிதழ் ஞாபகம் வந்தது. தலையாட்டினார்.

முதலில் மியூசியம் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு கூட்டம் வட்டமாக நின்று, ஆரோக்கியத்துக்காகக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஜானவி, தாங்கள் வந்திறங்கிய ஆட்டோவை நோக்கித் திரும்பி ஓடினாள். வெங்கிடேஷ் அன்று செய்த உடற்பயிற்சி, அவளைத் துரத்தியதுதான்.

ஆகவே கோயிலைச் சுற்றுவது என்று முடிவாயிற்று. விடியற்காலையில் வண்டி குறைவு, மூலைக்கு மூலை போலீஸ் காவல், தரையும் சமம். கிளம்பும்போது வெங்கிடேஷ் யோசிக்காமல் தன் செருப்பைக் கழற்றினார். அவளுடைய ஷூவையும் கழற்ற வைத்தார். கோயிலைச் சுற்றுவதற்குச் செருப்பா? அந்தத் தெருவில் பிறந்த எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மூலைக்கு வந்ததும் ஜானவி மறுபக்கம் திரும்பினாள்.

பிரதட்சிணம் என்றால் கோயில் வலது கையில் இருக்க வேண்டும். ஜானவி அதை இடது கையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். அப்படிச் சுற்றுவது சாவுக் காரியத்தில் மட்டும்தான். "ஜானு, இந்தண்டை!" என்று கூப்பிட்டார். "வேண்டா" என்று மட்டும் வந்தது. அவளைத் தனியே விட முடியாது. எதிரே வந்த தெருக்காரர்களின் பார்வையைத் தாண்டி, மூச்சிரைக்க அவள் பின்னால் ஓடினார்.

அன்று ஜானவி பள்ளியில் கடைசி மணி வரைக்கும் இருந்தாள். மறுநாளும் இருந்தாள்.

வெங்கிடேஷின் நிலைமை தர்மசங்கடமாகிவிட்டது. மகள் கரையேறுகிறாள், ஆனால் தலைகீழ் வழியில். கடைசியில் செயலகத்து மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. எத்தனை சுற்று இடமாகச் சுற்றினார்களோ, ஜானவியை வீட்டில் விட்டுவிட்டு வந்து அத்தனை சுற்று வலமாகத் தான் சுற்றிவிடுவது.

"எதுக்காம் இது?" என்று கேட்டாள் மனைவி விஜயம்.

"அதை ரத்து பண்ணறதுக்கு."

"ரத்து பண்றேளா? பகவான் என்ன டிரஷரியா?" என்று சிரித்தாள். பாங்கில் வேலை பார்க்கிறவள். ஆனால் அவர் வேட்டி இடுப்பில் தளர்ந்து வருவதைக் கவனித்து, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அற்புதம் என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. ஜானவிக்குக் கணக்கு வரவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசவும் வரவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் தூங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா காலியாக வந்தது. இரைச்சல் பொறுக்காதபோது, மேஜைக்கடியில் போகாமல் கையைத் தூக்கி வெளியே போகிறேன் என்று கேட்கக் கற்றுக்கொண்டாள்.

பங்குனி உத்சவம் நெருங்கும்போது ஹரிஹரய்யர் வாசலுக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற வக்கீல், தெருச் சமூகத்தின் தலைவர்.

"டேய் வெங்கிடேஷா, கொழந்தை விஷயம்னு இத்தனை நாள் நான் வாயைத் தொறக்கல. கொடியேறப் போறது. ஊரெல்லாம் வலமா வரச்சே நீங்க ரெண்டு பேரும் எதிரே வந்தா என்ன அர்த்தம்? ஒழுங்கா வலமா வாங்கோ, இல்லாட்டா உத்சவம் முடியற வரைக்கும் நிறுத்து."

உத்சவம் முடிவதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும்; அதுவரை நிறுத்தினால் பத்தாம் வகுப்பு போச்சு. வெங்கிடேஷ் வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசியவரல்ல. மறுநாள் மூலையில் ஜானவியின் தோளைப் பிடித்து வலப்பக்கமாகத் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்தாள். பின்னாலிருந்து யாரோ வேகமாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஜானவி நடுத்தெருவில் உட்கார்ந்து அலறினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஷாஜி ஓடி வந்து, "சாரே, ஆளுகளை நான் மாற்றி நிறுத்தாம். தொட வேண்டா, அவள் தானே எழுந்திரிச்சுக்கும்" என்று கூட்டத்தை விலக்கினார். அன்று பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனாள். பத்து மணிக்கே மேஜைக்கடியில். பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது, முன்பைவிட இனிமையான குரலில்.

அதற்கும் மறுநாள் ஜானவி வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டாள். ரத்து செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் வெங்கிடேஷின் கால்கள் தாமாகவே கோயில் பக்கம் போயின. தலையைக் குனிந்துகொண்டு வலமாகப் போய்க்கொண்டிருந்தவரின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை சட்டென்று விழுந்தது.

"சபாஷ்! இன்னிக்கு நேர்வழிக்கு வந்துட்டயே!"

ஹரிஹரய்யர்தான். வெங்கிடேஷுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தொண்டை வரைக்கும் ஒரு அலறல் வந்தது. முப்பது வருஷ அரசாங்க உத்தியோகம் அதைப் பிடித்து நிறுத்தியது. நின்று திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்கு எல்லோரும் பின்னாலிருந்துதான் வருகிறார்கள். எதிர்ப்பக்கம் நடந்தாலோ ஒவ்வொரு முகமும் தூரத்திலேயே தெரியும். ஜானவிக்குத் தெரியாமல் யாரும் கிட்டே வந்துவிட முடியாது.

"மாமா," என்றார். "அவ அப்பிரதட்சிணம் பண்ணலை. அவ பிரதட்சிணமே பண்ணலை. நடக்கறா. அவ்வளவுதான். பிரதட்சிணம் பண்றது நான், தனியா. ரெண்டும் ரெண்டு ஃபைல். நான்தான் முட்டாத்தனமா ஒண்ணாக் கட்டி வச்சுட்டேன்."

ஹரிஹரய்யருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிர்த்தரப்பு வாதத்தில் சத்து இருந்தால், அதிலுள்ள ஓட்டையை அவரே அடைத்துக் கொடுத்துவிடுவார்.

"நடக்கறவ எதுக்குடா வெறுங்காலா நடக்கறா?"

வெங்கிடேஷ் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"வெறுங்காலா கோவிலைச் சுத்தினா ஊர் என்னன்னு நெனைக்கும்? ஷூவைப் போட்டு விடு. ஷூ போட்டுண்டு எவனாவது பிரதட்சிணம் பண்ணுவானா? அப்போ அது வெறும் நடையாக்கும். நடைக்கு வலமும் கிடையாது, இடமும் கிடையாது. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன்." நாலடி போனவர் திரும்பினார். "நீயும் செருப்பு போட்டுக்கோ. அவகூட வரச்சே."

மறுநாள் வாசலில் ஷூவைப் பார்த்ததும் ஜானவி தானே உட்கார்ந்து, நாடாவை இழுத்து இழுத்து இறுக்கிக் கட்டினாள். அந்த இறுக்கம் அவளுக்குப் பிடிக்கும் என்று ரெஷ்மா எப்போதோ சொல்லியிருந்தாள். ஷூவோடு அவள் போன வேகத்துக்கு வெங்கிடேஷின் செருப்பு ஈடுகொடுக்கவில்லை. எதிரே வந்த தெருக்காரர்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

கொடியேறியது. பரீட்சை முடிந்தது. பள்ளியிலிருந்து முடிவு என்று ஒன்றும் வரவில்லை; பத்தாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வரச் சொல்லி ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. விஜயம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சமையலறையில் மிக்ஸி போட வேண்டியதை அன்று அம்மியில் அரைத்தாள்.

இனி ரத்து செய்ய எதுவும் இல்லை. ஆனாலும் வெங்கிடேஷ் மகளை வீட்டில் விட்டுவிட்டு, ஷாஜி நிற்கும் மூலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக வலம் வருவதை நிறுத்தவில்லை. பக்தியா, சர்க்கரையா என்று கேட்டால், "பழக்கம்" என்பார். நடக்காமலிருப்பதற்கும் ஒருகாலத்தில் அவர் சொன்ன காரணம் அதுதான்.

விடுமுறையில் ஒருநாள் ஜானவி வீட்டு வாசலில் நிற்கவில்லை. "ஒண்ணுகூடி" என்று இன்னொரு சுற்றுக்குத் தன் வழியே திரும்பிப் போனாள். வெங்கிடேஷ் ஷாஜியைப் பார்த்தார்; ஷாஜி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினார். வெங்கிடேஷ் வலமாகப் புறப்பட்டார். மேற்குத் தெருவின் பாதியில், அந்தக் கோடியிலிருந்து கைவீசி வருகிறவளைக் கண்டார். இத்தனை நாளும் அவர் பார்த்தது அவள் முதுகைத்தான். நடக்கும்போது அவள் முகம் இப்படி இருக்குமென்று அவருக்குத் தெரியாது.

ஜானவியும் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கிட்டே வந்ததும் பார்வை அவர் காலுக்கு இறங்கியது.

"அப்பா, செருப்பு எங்கே?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.