அடிக்காமல் விட்ட ஆணி

அந்த ஆணியை நான் அடித்தேன்தான். ஆனால் எல்லோரும் ஆங்கிலம் படிப்பிக்கும் சேரைச் சூழ்ந்து நின்றபோதுதான் அடித்தேன். ஆணி இல்லாத இடத்தில் கிரிக்கெட் ஆடுகளத்துத் தும்புப் பாய் தளர்ந்து மடிப்பு எழும்பியிருந்தது. அதில் குத்திய பந்துதான் எகிறி அவருடைய இடது கண்ணில் பட்டது. சேர் முகத்தைப் பொத்தியபடி முழந்தாளில் இருந்தார். நான் காலால் பாயை இழுத்துச் சமன்படுத்தி, இரண்டே அடியில் ஆணியை இறக்கிவிட்டு, பிறகுதான் அவரிடம் ஓடினேன். நான் அடித்ததை ஒருவரும் காணவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மைதான வேலையாள். சேர் வெள்ளைக்காரர். இங்கிலாந்தில் தன் பல்கலைக்கழகத்துக்குக் கிரிக்கெட் ஆடியவர். ஆங்கிலம் படிப்பிக்க உடுப்பிட்டிக்கு வந்து இங்கேயே நின்றுவிட்டார். சண்டைக் காலத்திலும் போகவில்லை. எங்களைப் போலவே கதைப்பார், ழகரம் மட்டும் வராது. "என்னை வாழைப்பழம் எண்டு சொல்லச் சொல்லாதையும் தம்பி. ரெண்டு வாங்கித் தாறன், பேசாமல் சாப்பிடும்" என்பார்.

ஆடுகளத்தில் பாயை விரித்து நாலு பேர் இழுத்துப் பிடிக்க, சுற்றிவர ஆணி அடிப்பது என் பொறுப்பு. அன்று ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஆட்டம். கடைசி ஆணியைக் கையில் எடுத்தபோது, தண்ணீர் மோட்டரை நிறுத்தினேனா என்ற பயம் வந்தது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன் நான். கிணற்றடிக்கு ஓடினேன். மோட்டர் நின்றுதான் இருந்தது. திரும்பி வர ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒரு ஆணிதானே, ஓவர் முடிய அடிக்கலாம் என்று சுத்தியலோடு ஓரமாக நின்றேன்.

கண் போய்விட்டது. சேர் அதன்பிறகு மட்டையைத் தொடவில்லை. ஆனால் என்னை அதிகம் வதைத்தது, வருடாவருடம் புது அணிக்கு அவர் சொன்ன பாடம். கண்ணைத் தொட்டுக் காட்டி, "பந்தைக் கடைசி வரைக்கும் பாக்கவேணும். நான் தலையைத் தூக்கிப்போட்டன். பிழை என்ரை" என்பார். பெடியள் தலையாட்டுவார்கள். நான் பக்கத்தில் நின்று ஸ்ரம்புகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கோப்பாயில் இருக்கிறார். போன கிழமை என் மனைவி பொறுமை இழந்தாள். "முப்பது வருசமா என்ரை காதுக்குள்ளையே சொல்லுறியள். அந்தாள் போனாப்பிறகு படத்துக்கு முன்னாலை நிண்டோ சொல்லப்போறியள்?"

பஸ் ஏறினேன். ஏசுவார், அல்லது மன்னித்தேன் என்பார். இரண்டுக்கும் வழி முழுக்க மனதைத் தயார்படுத்திக்கொண்டு போனேன்.

முற்றத்துக் கதிரையில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். "சேர், அண்டைக்குப் பாயிலை ஒரு ஆணி அடிக்கேல்லை. நான்தான் விட்டனான். பிறகு ஒளிச்சு அடிச்சனான்."

சேர் கைத்தடியை ஊன்றி முன்னுக்குச் சாய்ந்தார்.

"எந்தப் பக்கம்?"

"ஓஃப் சைட், சேர்."

"பாய் எழும்பி நிண்டதோ?"

"ஓம் சேர்."

"அப்ப நான் தலையைத் தூக்கேல்லை!"

முகம் அப்படியே விரிந்தது. கைத்தடியை மட்டையாகப் பிடித்து, இடது முழங்கையை உயர்த்தி, இருந்தபடியே ஒரு அடி அடித்துக் காட்டினார். "இப்பிடித்தான் காலை முன்னுக்கு வைச்சனான். சரியாத்தான் ஆடியிருக்கிறன், தம்பி. ஆருக்கும் பட்டிருக்கும், என்ன?"

"ஆருக்கும் பட்டிருக்கும் சேர்."

கோபம் ஒரு துளியும் இல்லை. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தச் சந்தோசத்தை அல்லவா முப்பது வருடம் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்?

"இரும், இருந்து ஆறுதலாச் சொல்லும்" என்று பக்கத்துக் கதிரையைத் தட்டினார். "முதலிலையிருந்து. ஒண்டையும் விடாதையும்."